வாசகர் கேள்விகள்: போன மின்னோட்டம் எந்த வழியாகத் திரும்புகிறது?

செட்டிநாட்டு ஊர்களிலிருந்து மின்சாரம் பற்றியும் மின்னணுக் கருவிகள் பற்றியும் வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாகச் சேர்த்து விடையளிக்கிறேன். கேள்விகள் வெவ்வேறாகத் தோன்றலாம். ஆனால், ஒரு கருவிக்குள் புகுந்த மின்னோட்டம் எந்தப் பாதையில் திரும்பிப் போகிறது என்று தேடத் தொடங்கினால் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் விடை கிடைத்துவிடுகிறது. ஆகவே, ஒவ்வொரு விடையிலும் அந்தப் பாதையையே தேடியிருக்கிறேன்.

பல்புக்கு இரண்டு கம்பிகள் எதற்கு? ஒன்றில் வரும் மின்சாரத்தைப் பல்பு செலவழித்துவிடுகிறது என்றால், மற்றொன்றில் திரும்பிப் போக என்ன மிச்சம் இருக்கிறது?
– கல்லூரி மாணவி, தேவகோட்டை

பல்பு மின்னோட்டத்தைச் செலவழிப்பதில்லை. ஒரு கம்பி வழியே ஒரு நொடியில் எத்தனை எலக்ட்ரான்கள் பல்புக்குள் நுழைகின்றனவோ, அத்தனையும் மற்றக் கம்பி வழியே வெளியேறுகின்றன, ஒன்றுகூடக் குறைவதில்லை. ஒரு சந்திப்புக்குள் வரும் மின்னோட்டமும் அதிலிருந்து போகும் மின்னோட்டமும் சமம் என்ற இந்த விதியை 1845இல் ஜெர்மன் இயற்பியலாளர் கிர்க்காஃப் வகுத்தார். அப்போது அவரும் உங்களைப் போல ஒரு மாணவர்தான். பல்பில் செலவாவது ஆற்றல். மின்னழுத்தம் எலக்ட்ரான்களைத் தள்ளுகிறது, அவை மின்தடையைக் கடக்கையில் அந்தத் தள்ளுதலின் ஆற்றல் வெப்பமாகவும் ஒளியாகவும் மாறுகிறது, எலக்ட்ரான்கள் தம் வழியே போய்விடுகின்றன.

இன்னொரு செய்தியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள செப்புக் கம்பியில் ஓர் ஆம்பியர் மின்னோட்டம் பாயும்போது, எலக்ட்ரான்களின் சராசரி நகர்வு நொடிக்கு 0.07 மில்லிமீட்டர்தான். நம் வீடுகளுக்கு வரும் மாறுமின்னோட்டமோ நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாகத் திசை மாறுவதால், அவை ஒரு மயிரிழையின் பருமன் அளவுக்குக்கூட இடம்பெயர்வதில்லை. அப்படியானால் சுவிட்சைப் போட்டவுடன் பல்பு எரிவது எப்படி? பிள்ளையார்பட்டித் தேரின் வடத்தை முன்னால் நிற்பவர்கள் இழுத்ததும், பின்னால் கைவைத்திருப்பவர் ஓரடிகூட நகரும் முன்பே இழுவையை உணர்ந்துவிடுகிறார் அல்லவா? கம்பி முழுவதும் எலக்ட்ரான்கள் ஏற்கெனவே நிறைந்திருப்பதால் தள்ளுதல் மட்டும் ஒளியின் வேகத்தை ஒட்டிய வேகத்தில் பரவுகிறது. சுற்று எங்காவது அறுபட்டிருந்தால் தள்ளுதல் இருந்தும் ஓட்டம் நிகழாது. சுவிட்ச் செய்யும் வேலை அவ்வளவுதான், பாதையை அறுப்பதும் சேர்ப்பதும்.

எங்கள் வீட்டு முகப்பில் உள்ள எல்இடி பல்பு, சுவிட்சை அணைத்த பிறகும் இரவில் மங்கலாக எரிகிறது. சுவிட்சை மாற்றியும் பார்த்தோம், நிற்கவில்லை.
– இல்லத்தரசி, கானாடுகாத்தான்

சுவிட்ச் பாதையை அறுத்துவிட்டது என்று முதல் விடையில் சொன்னேன். அறுபட்ட பின்னும் விளக்கு எரிகிறது என்றால், வேறொரு வழியில் சுற்று முழுமையடைகிறது என்று பொருள். அந்த வழி மூன்று விதமாக அமையலாம்.

உங்கள் ஊர் வீடுகளை நினைத்துப் பார்த்தால் முதல் வாய்ப்பு எளிதில் விளங்கும். ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டுமாக நீளும் வீட்டில் சுவிட்ச் ஓரிடத்திலும் விளக்கு வெகுதொலைவிலும் இருக்கும். அல்லது ஒரே விளக்கை இரண்டு இடங்களிலிருந்து இயக்கும்படி இருவழி சுவிட்ச் வைத்திருப்பார்கள். அணைக்கப்பட்ட கம்பியும் மின்சாரம் உள்ள பேஸ் கம்பியும் ஒரே குழாய்க்குள் பல மீட்டர் தொலைவு ஒட்டியபடியே செல்கின்றன. நடுவே காப்புறையோடு இணையாக ஓடும் இரண்டு உலோகக் கம்பிகள் தாமாகவே ஒரு மின்தேக்கி, அதாவது கண்டன்சர், ஆகிவிடும். மின்தேக்கியின் வழியே, ஒரே திசையில் பாயும் நேர்மின்னோட்டம் தொடர்ந்து செல்லாது. மாறுமின்னோட்டம் சிறிதளவு கசியும். முப்பது மீட்டர் நீளத்தில் அந்தக் கசிவு ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவுதான். பழைய 60 வாட் குண்டு பல்பு எரிய ஏறத்தாழ 260 மில்லி ஆம்பியர் தேவைப்பட்டதால் இந்தக் கசிவு கண்ணுக்குத் தெரியாமலே இருந்தது. எல்இடி மிகச் சிறிய மின்னோட்டத்துக்கும் ஒளிர்வதால் இப்போது தெரிகிறது. கசிவு புதிதாக வந்ததன்று, அந்த ஒயரிங் செய்த நாள் முதலே இருப்பது.

இரண்டாவது வாய்ப்பு, சுவிட்சிலேயே சிவப்பாக ஒளிரும் சிறு விளக்கு. பல சுவிட்சுகளில் அது சுவிட்சின் இரு முனைகளுக்கும் குறுக்கே இணைக்கப்பட்டிருப்பதால், அணைத்த நிலையில் அதன் வழியே சிறிது மின்னோட்டம் பல்புக்குச் செல்கிறது. இவ்விரண்டிலும் தீங்கு இல்லை. மங்கல் ஒளி உறுத்தினால், விளக்குக்குக் குறுக்கே பொருத்தக்கூடிய சிறு கசிவுத் தடுப்பியை மின்பணியாளரிடம் கேட்டு வாங்கிப் போடலாம்.

மூன்றாவதுதான் கவலைக்குரியது. பேஸ் கம்பியை அறுக்க வேண்டிய சுவிட்சை யாரோ மின்னோட்டம் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியில் இணைத்துவிட்டிருந்தால், அணைத்த பிறகும் பல்பின் ஹோல்டரில் 230 வோல்ட் நிற்கும். பல்பை மாற்ற ஏணியில் ஏறுபவர் சுவிட்ச் அணைந்திருக்கிறது என்று நம்பித் தொடுவார். ஆகவே, முதலில் இதைத்தான் சோதிக்கச் சொல்லுங்கள். சுவிட்சை அணைத்துவிட்டு, ஹோல்டரில் டெஸ்டரை மட்டும் நம்பாமல், மல்டிமீட்டரால் எர்த்துக்கு எதிராக அளந்து பார்க்க வேண்டும். கசிவு மின்னழுத்தமே டெஸ்டரை ஒளிரவைத்து ஏமாற்றக்கூடும்.

செல்பேசி சார்ஜ் ஏறும்போது அதன் உலோக விளிம்பைத் தொட்டால் விரலில் மெல்லிய அதிர்வு தெரிகிறது. கீழே ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வெறுங்காலோடு நின்றால்தான் இப்படி. மாடியில் தேக்குப் பலகைத் தரையில் ஒன்றும் தெரிவதில்லை. சார்ஜர் பழுதா? கைக்குள் அடங்கும் இந்தச் சிறு பெட்டி 230 வோல்ட்டை எப்படி 5 வோல்ட்டாக்குகிறது?
– ஜவுளி வணிகர், காரைக்குடி

தரையையும் சேர்த்துக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். விடையின் பாதி அந்தக் கவனிப்பில் இருக்கிறது. இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்கினால்தான் முதலாவது விளங்கும்.

முன்பு டேப் ரெக்கார்டருக்கு நாம் வாங்கிய எலிமினேட்டர் கனமாக இருக்கும். அதற்குள் இரும்புத் தகடுகளால் ஆன மின்மாற்றி இருந்தது. மின்மாற்றியில் ஒரு சுருளின் மின்னோட்டம் காந்தப்புலமாக மாறி, மறு சுருளில் மீண்டும் மின்னோட்டமாகிறது. நொடிக்கு 50 சுழற்சி என்றால் ஒவ்வோர் அரைச் சுழற்சியும் 10 மில்லிநொடி நீடிக்கிறது. அவ்வளவு நேரம் பெருகிக்கொண்டே போகும் காந்தப்புலத்தைத் தாங்கப் பெரிய இரும்பு உள்ளகமும் பல நூறு சுற்றுகளும் வேண்டும். அதே மின்மாற்றியை நொடிக்கு ஒரு லட்சம் முறை இயக்கினால் அரைச் சுழற்சி 5 மைக்ரோநொடிதான், ஆகவே, சுண்டுவிரல் நுனி அளவு ஃபெரைட் உள்ளகமே போதும். இன்றைய சார்ஜரின் சிறுமைக்குக் காரணம் இந்த வேகம்.

அந்த வேகத்தைப் பெற சார்ஜர் சற்றுச் சுற்றுவழியில் போகிறது. முதலில் நான்கு டையோடுகள், இரு திசையிலும் ஓடும் மின்னோட்டத்தை ஒரே திசைக்குத் திருப்புகின்றன. அடுத்து வரும் மின்தேக்கி அதை நிரவி ஏறத்தாழ 325 வோல்ட் நேர்மின்னழுத்தமாக வைத்துக்கொள்கிறது. 230 வோல்ட் என்பது சராசரியை ஒட்டிய ஒரு கணக்கு. அலையின் உச்சம் 325ஐத் தொடும். அந்த 325 வோல்ட்டை ஒரு டிரான்சிஸ்டர் நொடிக்குப் பல பத்தாயிரம் முதல் லட்சம் முறை வரை வெட்டி வெட்டிச் சிறு மின்மாற்றிக்கு அனுப்புகிறது. மறுபுறத்தில் இன்னொரு டையோடும் இன்னொரு மின்தேக்கியும் அதை 5 வோல்ட் நேர்மின்னழுத்தமாக்குகின்றன. செல்பேசி கூடுதலாக இழுத்தால் 5 வோல்ட் சரியும். சரிந்ததை முதற்பக்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஆனால் 325 வோல்ட் பக்கத்தையும் கைபடும் 5 வோல்ட் பக்கத்தையும் கம்பியால் இணைத்துவிடவும் கூடாது. இதற்குப் பல சார்ஜர்களில் கையாளும் வழி எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. நான்கு கால்களுள்ள ஒரு சிறு உறைக்குள் எல்இடி ஒன்றும் ஒளியுணரும் டிரான்சிஸ்டர் ஒன்றும் எதிரெதிரே வைக்கப்பட்டிருக்கும். செய்தி ஒளியாகக் கடந்து போகிறது, கம்பி ஏதும் கடப்பதில்லை.

இப்போது உங்கள் விரலுக்கு வருவோம். வேகமாக வெட்டப்படும் மின்னோட்டத்தின் சிதறல்கள் மின்மாற்றியின் சுருள்களுக்கு இடையே தாவி மறுபக்கம் போய்விடுகின்றன. அவை திரும்பி வர வழி தராவிட்டால் சார்ஜர் கம்பி முழுவதும் ஒரு ஏரியலாகி அக்கம்பக்கத்து வானொலிகளில் இரைச்சலை எழுப்பும். எனவே இரு பக்கங்களையும் இணைத்து ஒரு சிறிய பாதுகாப்பு மின்தேக்கியைத் தெரிந்தே வைக்கிறார்கள். அதன் வழியே 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டமும் இம்மியளவு கசிந்து, செல்பேசியின் உலோக விளிம்புக்கு வந்து, உங்கள் விரல், உடல், பாதம், தரை என்று இறங்கி, மண் வழியே தெரு டிரான்ஸ்பார்மரில் பூமியோடு இணைக்கப்பட்டிருக்கும் நியூட்ரலுக்குப் போய்ச் சேருகிறது. ஆத்தங்குடிக் கல் சிமென்டால் ஆனது. மண்மீது பதித்த தரை எப்போதும் சிறிது ஈரம் உறிஞ்சியிருக்கும். ஆகவே மின்சாரத்துக்கு ஓரளவு வழிவிடும். உலர்ந்த தேக்குப் பலகை வழிவிடாது. மாடியில் அதிர்வு தெரியாததன் காரணம் இதுதான்.

தரமான சார்ஜரில் இந்தக் கசிவு கால் மில்லி ஆம்பியரைத் தாண்டாதபடி வரையறுக்கப்பட்டிருக்கிறது. அந்த அளவில் அபாயம் இல்லை. ஆனால், மலிவான போலிச் சார்ஜர்களில் பாதுகாப்பு மின்தேக்கி இருக்கவேண்டிய இடத்தில் சாதாரண மின்தேக்கியை வைத்துவிடுகிறார்கள். அது உடைந்து குறுக்கிணைந்தால், அதாவது ஷார்ட் ஆனால், வீட்டு மின்னழுத்தம் முழுவதும் செல்பேசியின் உடலுக்கு வந்துவிடும். சார்ஜரில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குறியும், ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அதை வீட்டில் வைத்துக்கொள்ளவே வேண்டாம். அதிர்வு மெல்லியதாக இல்லாமல் சுரீரென்று இருந்தாலும் அப்படியே செய்யுங்கள். மூன்று முனை பிளக் கொண்ட மடிக்கணினி அடாப்டருக்கு எர்த் கட்டாயம். தேக்குச் சட்டத்தின்மேல் ஓடும் பழைய ஒயரிங்கில் பெரும்பாலும் எர்த் கம்பியே இழுத்திருக்க மாட்டார்கள் என்பதால், அந்த அறைகளுக்குப் புதிதாக இழுத்துக்கொள்வது நல்லது.

பேட்டரிக்குள் கம்பியே இல்லையே, அங்கே சுற்று எப்படி முழுமையடைகிறது?
– பள்ளி மாணவர், காரைக்குடி

தம்பி, இதைக் கேட்க உன் ஊரைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1948இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் ஆராய்ந்துவரும் துறைகளில் இதுவும் ஒன்று. வெளியே கம்பியில் எலக்ட்ரான்கள் ஓடுகின்றன. பேட்டரிக்குள் அயனிகள், அதாவது மின்னூட்டம் பெற்ற அணுக்களும் அணுக்கூட்டங்களும், ஓடுகின்றன. இன்வெர்ட்டர் பேட்டரியில் ஈயத் தகடுகளுக்கு இடையே நீர்த்த கந்தக அமிலம் இருக்கிறது. அதிலுள்ள ஹைட்ரஜன் அயனிகளும் சல்ஃபேட் அயனிகளும் எதிரெதிர்த் திசைகளில் நகர்ந்து, வெளிச்சுற்றில் போன மின்னோட்டத்தை உட்புறத்தில் தொடர்கின்றன. ஓர் அறைக்கு ஏறத்தாழ 2 வோல்ட் வீதம் ஆறு அறைகள் சேர்ந்து 12 வோல்ட். இதில் காய்ச்சி வடித்த நீரை மட்டும் ஊற்றச் சொல்வதன் காரணமும் அயனிகள்தாம். குழாய்த் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள் இந்த ஓட்டத்தில் புகுந்து தகடுகளைக் கெடுக்கும்.

ஐயா இரங்கூனிலிருந்து கொண்டுவந்த வால்வு ரேடியோ பட்டாலையில் இருக்கிறது. பல ஆண்டுகளாக ஓடவில்லை. பிளக்கில் செருகிப் பார்க்கலாமா?
– ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், பள்ளத்தூர்

தயவுசெய்து செருகாதீர்கள். வீட்டில் யாரும் ஆவலில் செருகிவிடாதபடி பிளக்கைக் கழற்றி வைத்துவிடுவது இன்னும் நல்லது.

வால்வுக்குள் மின்னோட்டம் வெற்றிடத்தைக் கடக்கிறது. இழை சூடேறியதும் எதிர்மின்வாயிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பி, நேர்மின்னழுத்தம் உள்ள தகட்டை நோக்கிப் பாய்கின்றன; அதனால்தான் அந்தக் காலத்து ரேடியோ போட்டவுடன் பேசாமல், சூடேறிய பிறகே பேசியது. 1904இல் ஃபிளெமிங் இரண்டு மின்வாய்களுள்ள வால்வைச் செய்தார். 1906இல் டி ஃபாரஸ்ட் நடுவே ஒரு கம்பி வலையைச் சேர்த்தார். வலையின் சிறு மின்னழுத்த மாற்றம் தகட்டுக்குப் போகும் பெரிய ஓட்டத்தைக் கட்டுப்படுத்துவதால் ஏரியலில் பிடித்த நலிந்த அலை ஒலிபெருக்கியை இயக்கும் அளவுக்கு வலுப்பெறுகிறது. தகட்டுக்கு 250 வோல்ட்டை ஒட்டிய மின்னழுத்தம் தேவை. அதை நிரவும் மின்தேக்கிகள் பல ஆண்டு சும்மா கிடந்தால் உள்ளிருக்கும் வேதிப்பொருள் உலர்ந்து, காப்புப் படலம் கெட்டு, மின்சாரம் தந்தவுடன் குறுக்கிணைந்துவிடலாம்; அப்போது மின்மாற்றி எரியும். அதற்கு மாற்று கிடைப்பது அரிது.

அந்த நாளில் சில ஊர்களில் நேர்மின்னோட்டமே வழங்கப்பட்டதால், நேர்மின்னோட்டம், மாறுமின்னோட்டம் இரண்டிலும் ஓடும்படி மின்மாற்றியே இல்லாமல் செய்யப்பட்ட ரேடியோக்களும் உண்டு. அவற்றில் வீட்டு மின்சாரத்தின் ஒரு முனை உள்ளிருக்கும் உலோகச் சட்டத்தோடு நேராக இணைந்திருக்கும். குமிழ் கழன்று போன தண்டைத் தொட்டாலே ஷாக் அடிக்கலாம்.

வால்வு வேலை தெரிந்த பழைய மெக்கானிக் ஒருவரை அழைத்து, முதலில் உள்ளே உளுத்துப்போன ரப்பர் காப்புறைகளையும் மின்தேக்கிகளையும் மாற்றச் சொல்லுங்கள். பின்புற மின்னழுத்தத் தெரிவு 220க்கோ 230க்கோ வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு குண்டு பல்பைத் தொடரில் இணைத்த சீரிஸ் போர்டு வழியே மின்சாரம் தர வேண்டும். உள்ளே குறுக்கிணைப்பு இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து, மின்னோட்டத்தைத் தன் அளவுக்குள் கட்டுப்படுத்திவிடும், ரேடியோ தப்பும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கிகள் வெகுநேரம் மின்சாரத்தைத் தாங்கி நிற்கும் என்பதையும் அவர் மறக்கலாகாது. இத்தனை உழைப்பும் தகும். தேக்குத் தூண்களைப் பாதுகாக்கும் குடும்பங்கள் இந்த ரேடியோக்களையும் அதே அக்கறையோடு காப்பாற்ற வேண்டும் என்பது என் விருப்பம்.

செல்பேசி ஒன்றும் செய்யாமல் கிடந்தால் குளிர்ச்சியாக இருக்கிறது, விளையாடினால் சுடுகிறது. சிப்புக்குள் என்ன நடக்கிறது?
– பாலிடெக்னிக் மாணவர், குன்றக்குடி

1947இல் பெல் ஆய்வகத்தில் உருவான டிரான்சிஸ்டர், மின்சாரத்தாலேயே இயங்கும் ஒரு சுவிட்ச். 1971இல் இன்டெல் வெளியிட்ட 4004 சிப்பில் அவை ஏறத்தாழ 2,300. இன்றைய உயர்தரச் செல்பேசிச் சிப்பில் ஆயிரம் கோடிக்கும் மேல். இவற்றை இரண்டிரண்டாக ஒரு சிறப்பான முறையில் இணைத்திருக்கிறார்கள். மேலே ஒன்று பேட்டரியின் நேர்முனைப் பக்கமும், கீழே ஒன்று எதிர்முனைப் பக்கமும் இருக்கும். ஒன்று திறந்திருந்தால் மற்றொன்று மூடியிருக்கும். ஆகவே, எதுவும் மாறாத நிலையில் நேர்முனையிலிருந்து எதிர்முனைக்கு முழுமையான பாதை கிடையாது. இம்மியளவு கசிவைத் தவிர மின்னோட்டமும் இல்லை. 0 என்பது 1ஆக மாறும் கணத்தில் அடுத்த டிரான்சிஸ்டரின் நுண்ணிய மின்தேக்கம் நிரம்புகிறது. 1 என்பது 0ஆகும்போது வடிகிறது. ஒவ்வொரு முறையும் மிகச் சிறிய ஆற்றல் வெப்பமாகிறது. விளையாடும்போது கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் நொடிக்குப் பல நூறு கோடித் துடிப்புகளின் தாளத்தில் மாறிக்கொண்டே இருப்பதால் கை சுடுகிறது. சார்ஜில் போட்டபடி விளையாடினால் பேட்டரியின் வெப்பமும் இதோடு சேர்ந்து, பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும்.

ஒன்பது வாட் எல்இடி பல்பு ஓராண்டில் போய்விடுகிறதே?
– வாசகர், கோட்டையூர்

பெரும்பாலும் எல்இடிகள் நன்றாகவே இருக்கும். அவை தொடராக இணைந்திருப்பதால், ஒன்று போனாலே எல்லாம் அணையும். அல்லது அடியிலுள்ள மின்தேக்கி வெப்பத்தில் உலர்ந்திருக்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். ஆகவே, பல்பை மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் போடாதீர்கள்.

மழை பெய்தால் மெயின் போர்டில் உள்ள ட்ரிப்பர் விழுந்துவிடுகிறது. அதை எடுத்துவிட்டு நேராக இணைத்தால் சரியாகிவிடும் என்கிறார் ஒருவர். செய்யலாமா?
– அரிசி ஆலை உரிமையாளர், புதுவயல்

செய்யவே கூடாது. அந்தக் கருவி செய்யும் வேலை, போன மின்னோட்டம் முழுவதும் திரும்பி வந்ததா என்று பார்ப்பது. பேஸ், நியூட்ரல் ஆகிய இரண்டு கம்பிகளும் ஒரே காந்த வளையத்தின் ஊடே செல்கின்றன. போவதும் வருவதும் சமமாக இருக்கும்வரை அவற்றின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் வளையத்தில் எழும் மின்னோட்டம் சுவிட்சைத் தட்டி விழவைக்கிறது. வித்தியாசம் என்றால், ஒரு பகுதி நியூட்ரலுக்கு வராமல் வேறு வழியில் மண்ணுக்கு இறங்குகிறது என்று பொருள். இன்று அந்த வழி ஈரச் சுவர். நாளை அது ஈரத் தரையில் நிற்கும் ஒரு தொழிலாளியின் உடலாக இருக்கக்கூடும். இதயத்தின் துடிப்பைக் குலைக்க 230 வோல்ட்டின் முழு வலிமை தேவையில்லை. சில பத்து மில்லி ஆம்பியர் சற்று நேரம் பாய்ந்தால் போதும்.

மழையில் மட்டும் விழுவதால் கசிவு வெளிப்புறத்தில்தான் இருக்க வேண்டும். மழை பெய்யும் நேரத்தில் கிளைச் சுவிட்சுகளையெல்லாம் அணைத்துவிட்டு ட்ரிப்பரை ஏற்றி, ஒவ்வொன்றாகப் போட்டு வாருங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ அந்தக் கிளையில் பிழை இருக்கிறது. எல்லாவற்றையும் அணைத்த பிறகும் விழுந்தால், ஏதோ ஒரு கிளையில் நியூட்ரல் கம்பி சுவரில் ஈரத்தைத் தொடுகிறது. கிளைச் சுவிட்சுகள் பேஸை மட்டுமே அறுப்பதால் இதை அவை காட்டா. அப்போது மின்பணியாளர் நியூட்ரல் கம்பிகளையும் தனித்தனியே கழற்றி, மெகர் கருவியால் காப்புத்தடையை அளந்து கண்டுபிடிக்க வேண்டும். சுற்றுச்சுவர் விளக்கு, தண்ணீர் மோட்டாரின் இணைப்புப் பெட்டி, ஓட்டுக்கு அடியில் துணியால் சுற்றிய பழைய கம்பி இணைப்பு ஆகிய மூன்றையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பிழை நீங்கியதும் ட்ரிப்பரில் ‘டி’ என்று குறித்த பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். உடனே விழாவிட்டால் அன்றே புதியது மாற்றிவிடுங்கள்.